கொட்டகைக் கால்கள் அடியில் இற்றுப்போகின்றன: மாட்டுக்குத் தீங்கு செய்யாத மருந்து எது?

கொட்டகைக்காரன்: நேற்று மாட்டுக் கொட்டகையின் கால் ஒன்று அடியோடு இற்றுச் சாய்ந்து, கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மாடுகள் கால்களை நக்கும் என்பதால் நஞ்சில்லாத மருந்தாக இருக்க வேண்டும். மழைக்கு முன் முடிக்க வேண்டும், உடனே சொல்லுங்கள்.

வரப்போரம்: என்ன மரம், மண்ணில் நேரே ஊன்றியதா, நட்டு எத்தனை ஆண்டு என்று எதையும் சொல்லவில்லையே! கரையான் மண்கோடு தெரிகிறதா?

செம்மண்: கழிவு ஆயில் இரண்டு கை பூசுங்கள். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அதுதான்.

பட்டறை: இதற்கு நான் பலமுறை விடை எழுதியிருக்கிறேன், தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை அதை மட்கவைக்காது. ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைப்பது தரைமட்டத்தை ஒட்டிய அரை அடியில்தான் என்பதால், ஆழத்தில் இருக்கும் பகுதி கெட்டியாக இருக்கும்போதே கால் அந்த இடத்தில் முறிகிறது. திருப்புளியால் அங்கே குத்திப் பாருங்கள்.

கொட்டகைக்காரன்: சவுக்கு. மண்ணில்தான் ஊன்றினோம். இரண்டு ஆண்டு. மண்கோடு இல்லை. திருப்புளி கட்டைவிரல் ஆழம் இறங்குகிறது. உள்ளே பழுப்பாகக் கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகிறது.

வரப்போரம்: அப்படியானால் அது பூஞ்சைதான். பத்து லிட்டர் வெந்நீரில் 300 கிராம் போராக்ஸும் 200 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, புதிதாக வெட்டிய பச்சைக் கம்புகளைப் பட்டை உரித்து ஊறவைத்து, பிறகு சாக்குப் போட்டு மூடி இரண்டு மூன்று வாரம் நிழலில் வைத்தால், ஈரத்தின் வழியாகவே மருந்து உள்ளே பரவும். காய்ந்த கம்பில் அவ்வளவு ஆழம் போகாது.

பட்டறை: பாதியைச் சொல்லி விட்டுவிட்டீர்கள். போராக்ஸ், போரிக் அமிலம் என்ற இந்தப் போரான் மருந்து நீரில் கரைவது. மண்ணில் ஊன்றினால் மழைநீர் அதை வெளியே இழுத்துவிடும்.

ஆற்றங்கரை: செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய கம்பு வாங்கினால் மண்ணிலேயே நெடுநாள் நிற்கும். 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோந்தி காமேசன் கண்டறிந்தது. நம் நாட்டு மருந்துக்கு ஏன் தயங்க வேண்டும்?

வரப்போரம்: கண்டுபிடிப்பு பெருமைக்குரியதுதான், ஐயா. ஆனால் ஆர்சனிக் சிறிது சிறிதாகக் கசியும் என்பதால் அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு முடிவோடு வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கு அதை ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் பழைய கம்பு வெந்நீர் அடுப்புக்குத்தானே போகும்? அந்தப் புகையும் சாம்பலும் நஞ்சு.

செம்மண்: ஆயிலுக்கு இத்தனை வம்பு இல்லை.

வரப்போரம்: கழிவு ஆயிலில் உலோக நஞ்சு உண்டு, அண்ணா. மாடு நக்கும் இடத்தில் அதைப் பூசவே கூடாது.

பட்டறை: மருந்தைவிட முதலில் காலை மண்ணிலிருந்து தூக்குங்கள். பழைய வீடுகளில் மரத்தூணுக்குக் கீழே கல் வைத்தது இதற்காகத்தான். ஒரு முழ உயரக் கருங்கல்லின் மேல் இரும்புப் பட்டையால் கம்பைப் பிணைத்து, ஓலையைச் சற்று வெளியே நீட்டுங்கள். மண்ணைத் தொடாமல், சாரல் படாமல் இருக்கும் மரத்தில் போரான் தங்கும். அதையும் மாடு அளவுக்கு மீறி நக்கக் கூடாது; காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெய் பூசி, வாய் எட்டும் உயரம்வரை மூங்கில் தப்பை கட்டிவிடுங்கள்.

கொட்டகைக்காரன்: கல் இரண்டு கிடைத்தது, நட்டுவிட்டோம். பச்சைக் கம்பு ஊறுகிறது. நன்றி.

வரப்போரம்: மற்றக் கால்களையும் குத்திப் பார்த்தீர்களா?