உதவி: மதியத்துக்குள் பாரமானி 3 மில்லிபாருக்கு மேல் இறங்கிவிட்டது. தேவிபட்டினத்தில் படகை இப்போதே மேலே ஏற்ற வேண்டுமா?

தேவிபட்டினம் மொட்டைமாடி | திங்கள், மாலை 5.10

வணக்கம். இலங்கைக்குக் கிழக்கே நிற்கும் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் பற்றித்தான். மொட்டைமாடியில் சின்ன வானிலைக் கருவி ஒன்று வைத்திருக்கிறேன். அழுத்தம், காற்று, மழை மூன்றும் காட்டும். இன்று காலை 10 மணிக்கு 1010.8 மில்லிபார். மாலை 4 மணிக்கு 1007.4. அது இன்னும் திருகோணமலையையே தொடவில்லை, அதற்குள் இங்கே இவ்வளவு இறங்குமா?

அடுத்தது, காற்றுமானி 11, 12 கி.மீ. என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்துத் தோப்பில் தென்னை மட்டை பிய்த்துக்கொண்டு ஆடுகிறது. கருவி கெட்டுப்போயிருக்குமா?

முக்கியமான கேள்வி இதுதான். வானிலைச் செயலியில் ஐரோப்பிய மாடல் (கணினிக் கணிப்பு) பாம்பனுக்குத் தெற்கே பாதைக் கோடு போடுகிறது, அமெரிக்க மாடல் வேதாரண்யம் பக்கம் போடுகிறது. மாமனாரின் ஃபைபர் நாட்டுப்படகு கரையில் அலை நாக்குக்குச் சற்று மேலே கிடக்கிறது. டிராக்டர் வைத்து இழுக்கலாம் என்றால், "எத்தனை வாடையைப் பார்த்தாச்சு, ராமேஸ்வரத்துக்குப் போற புயலுக்கு நாம ஏன் செலவு பண்ணணும்" என்கிறார். எந்த மாடலைக் காட்டி அவரிடம் பேசுவது?

உச்சிப்புளி மழைமானி | திங்கள், மாலை 5.45

தம்பி, கருவி சரியாகத்தான் இருக்கிறது. நம் பக்கத்தில் வானம் பளிச்சென்று இருக்கும் நாளிலும் அழுத்தம் தினம் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை 10, இரவு 10 வாக்கில் உச்சம். விடியற்காலை 4, மாலை 4 வாக்கில் மட்டம். வெயில் மேல்காற்றைச் சூடாக்குவதால் வரும் ஏற்ற இறக்கம் இது. பகலில் மட்டும் 3 மில்லிபார் வரை இறங்குவது சாதாரணம். 10 மணிக் கணக்கையும் 4 மணிக் கணக்கையும் ஒப்பிட்டால் சித்திரையிலும் உங்களுக்குத் தினம் புயல்தான்.

நேற்று மாலை 4 மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள். அதே நேரத்தை அதே நேரத்தோடுதான் கழிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு வழக்கமாக இருக்கிற அளவைவிட 3 மில்லிபார் குறைந்தால் சந்தேகப்படலாம், 5 குறைந்தால் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்பது கப்பல்காரர்களின் பழைய கணக்கு. நமக்கும் அது போதும்.

காற்றுமானி எங்கே நிற்கிறது? தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே என்றால் வாடைக்காற்று முழுவதும் தொட்டியில் மோதிவிடும், கிண்ணங்களுக்கு மிச்சம்தான் வரும். அதோடு, மாடல் சொல்கிற வேகம் திறந்த வெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அடிக்கிற சராசரிக் காற்று. உங்கள் கருவியில் 'கஸ்ட்', அதாவது திடீர் வீச்சின் வேகம், என்று தனியாக ஓர் எண் வரும். தென்னை ஆடுவதற்கு அதுதான் காரணம்.

தேவிபட்டினம் மொட்டைமாடி | திங்கள், மாலை 6.05

நேற்று 4 மணிக்கு 1008.3. அப்படியானால் வித்தியாசம் 0.9தான். தொட்டி சரியாக வடக்கேதான் இருக்கிறது! கஸ்ட் 38 காட்டுகிறது. சரி, மாடலுக்கு வருவோமா?

ராமேஸ்வரம் 64 | திங்கள், மாலை 6.20

மாடல் எல்லாம் எதற்கு? திருகோணமலை வழியாக வருகிறது, மாதம் டிசம்பர். 1964 புயல் திரும்புகிறது. தீவில் இருக்கிறவர்கள் இன்றே மண்டபம் தாண்டிவிடுவது நல்லது.

உச்சிப்புளி மழைமானி | திங்கள், மாலை 6.50

ஐயா, 64ஐ யாரும் மறக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அந்தக் கதை கேட்டுத்தான் வளர்ந்தோம். ஆனால் அதே பாதை என்பதற்காக அதே புயல் ஆகிவிடாது. 1964 டிசம்பர் 22 அன்று வவுனியா பக்கம் கடந்தபோதே அது உச்ச பலத்தில் இருந்தது. இலங்கையின் வடபகுதி தட்டையான நிலம், மத்திய மலைநாடு மாதிரிப் புயலை உடைத்துப்போடாது. அன்றிரவே பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலும் தனுஷ்கோடியும் போயின. 2020 டிசம்பரில் வந்த புரெவியும் திருகோணமலைக்கு வடக்கே நுழைந்ததுதான். அது ஆரம்பத்திலேயே சாதாரணப் புயல். மன்னார் வளைகுடாவுக்கு வந்ததும் பலமிழந்து, ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்தில் நகராமல் கிடந்தது. பெரிய மழை எல்லாம் டெல்டாவுக்கும் கடலூருக்கும் போனது.

இன்றைய செயற்கைக்கோள் படத்தில் மேகத் திரள் முழுவதும் மையத்துக்கு வடமேற்கே தள்ளிப்போய் நிற்கிறது. மேல்காற்று அதன் தலையைச் சாய்க்கிறது என்று அர்த்தம். இந்த நிலையில் 64 மாதிரி வளர்வது கடினம். நாளை மேகம் மையத்தின் மேல் வந்து உட்கார்ந்தால் வேறு பேச்சு.

மழை தனிக் கணக்கு, அதற்குப் புயல் என்ற பட்டமே தேவையில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே பகலில் 40 செ.மீ. தாண்டிக் கொட்டியதே, அன்று எந்தப் புயலும் இல்லை.

கீழக்கரை தென்கடல் | திங்கள், இரவு 8.15

தேவிபட்டினம் காக்கா, எந்த மாடல் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே நூறு கி.மீ.க்கு மேல் இடைவெளி, உங்கள் ஊர் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது. கரையைக் கடக்கும் புள்ளியைத் தேடி நேரத்தைப் போக்காமல், மையம் உங்களுக்கு வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்பதை மட்டும் பாருங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஒரே புயலில் ஒன்று ஏறும்போது மற்றது வற்றும்.

பூமியின் நம் வடபாதியில் புயல்காற்று இடஞ்சுழி. மையம் பாம்பனுக்குத் தெற்கே போனால் உங்களுக்கு வாடை மெல்லக் கொண்டலாகத் திரும்பும். கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து நேராக உங்கள் கரைக்கு. பாக் நீரிணை ஆழமில்லாத கடல், தள்ளுகிற தண்ணீர் கீழே இறங்கிப் போக இடமில்லை, கரையில்தான் ஏறும். தேவிபட்டினம், தொண்டி, மோர்ப்பண்ணை எல்லாம் வாங்கும். எங்கள் கீழக்கரையில் அந்த நேரம் அவ்வளவாகத் தெரியாது.

மையம் வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் போனால் தலைகீழ். காற்று வடமேற்காகி மேற்காகும், உங்கள் கடல் உள்வாங்கும். பிறகு தென்மேற்காகத் திரும்பும்போது எங்களுக்கும் ஏர்வாடிக்கும் தனுஷ்கோடியின் தென்கரைக்கும் அடி. அப்படி உள்வாங்கினால் பிள்ளைகளைச் சங்கு பொறுக்க விடாதீர்கள். காற்று விட்டதும் தண்ணீர் திரும்பி வரும்.

பாம்பன் துறைமுகத்தின் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணிலேயே இந்தப் பக்கக் கணக்கு இருக்கிறது. 1, 2 தூரத்துப் புயலுக்கு. 3, 4 துறைமுகத்துக்கே எச்சரிக்கை. 5ஐவிட 6 பெரிய ஆபத்து என்று டீக்கடையில் பேசுவார்கள், அப்படிக் கிடையாது. 5 என்றால் துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கம், 6 என்றால் வலப்பக்கம், 7 என்றால் தலைக்கு மேலேயே அல்லது மிக அருகே. மேற்கே போகும் புயலுக்கு இடப்பக்கம் தெற்கு. ஆக 5 ஏற்றினால் புயல் பாம்பனுக்கு வடக்கே போகிறது, 6 ஏற்றினால் தெற்கே. 8, 9, 10 இதே வரிசை, தீவிரப் புயலுக்கு. 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது.

தொண்டி வல்லம் | திங்கள், இரவு 9.00

கீழக்கரைக்காரர் சொன்னதை அப்படியே மாமாவிடம் சொன்னால் எழுந்து போய்விடுவார். மாடல், மில்லிபார் எதுவும் வேண்டாம். "மாமா, வாடை கொண்டலாத் திரும்பினா நம்ம கரையில தண்ணி எதுவரைக்கும் வரும்?" என்று மட்டும் கேளுங்கள். அவரே சொல்லுவார். பதில் அவர் வாயிலிருந்து வரட்டும்.

டிராக்டரை இன்றிரவே சொல்லிவையுங்கள். கூண்டு ஏறியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், வாடகையும் ஏறிவிடும். எஞ்சினும் வலையும் வீட்டுக்குப் போகட்டும். படகை அடுத்த படகோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். கஜாவில் வேதாரண்யம் பக்கம் படகோடு படகு மோதி நொறுங்கிக் கிடந்தது. மூக்கைக் கடலைப் பார்த்து வைத்து, கயிற்றைக் கொஞ்சம் தளர்வாக விட்டு மரத்தில் கட்டுங்கள். பின்பக்கத் தக்கையைப் பிடுங்கிவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே நிற்காது. தண்ணீர் தொடாத மேட்டில் வைத்தால் மட்டும்தான் அது.

தேவிபட்டினம் மொட்டைமாடி | செவ்வாய், காலை 7.30

தொண்டி அண்ணே, நீங்கள் சொன்னபடியே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "கொண்டல் பிடிச்சா ஐஸ் ஆலைச் சுவர் வரைக்கும் வந்திருக்கு" என்றார். டிராக்டர் 11 மணிக்கு வருகிறது.

மீன்துறையில் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கனை நிறுத்திவிட்டார்கள். பாம்பனில் 3ஆம் எண் கூண்டு. ஒரு சந்தேகம், காற்றுத் திரும்புகிறது என்பதை வீட்டிலிருந்தே எப்படித் தெரிந்துகொள்வது? கருவியின் திசைமுள் தொட்டியால் சுற்றிச் சுற்றி வருகிறது.

கீழக்கரை தென்கடல் | செவ்வாய், காலை 8.10

வெட்டவெளியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தாழ்வின் மையம் இடக்கைப் பக்கம், சற்று முன்னால் தள்ளி இருக்கும். ஆனால் இந்த மாதத்தில் எதுவும் இல்லாத நாளிலும் வாடை அடித்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் வாடையாக இருக்கும்வரை இந்த வித்தை பெரிதாக ஒன்றும் சொல்லாது. கிழக்கே திரும்பத் தொடங்கினால் மையம் தெற்கே இறங்குகிறது, மேற்கே திரும்பினால் வடக்கே போகிறது.

உங்கள் ஊரில் இன்னொரு நல்ல அளவுகோல் இருக்கிறது, நவபாஷாணம். கடலுக்குள் நிற்கும் கற்களில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று காலையும் மாலையும் பாருங்கள். அமாவாசையும் பக்கத்தில் இருப்பதால் ஏற்றம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

தேவிபட்டினம் மொட்டைமாடி | செவ்வாய், மாலை 4.20

4 மணிக்கு 1004.6. நேற்றைவிட 2.8 குறைவு. வாடைதான் இன்னும்.

உச்சிப்புளி மழைமானி | செவ்வாய், மாலை 4.40

இது நிஜமான இறக்கம். இங்கேயும் அப்படித்தான். இரவு 10 மணிக்கு வழக்கம்போல் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் நின்றால் மையம் நெருங்குகிறது. கைப்பேசி, டார்ச் எல்லாம் சார்ஜ் போட்டுவிடுங்கள். கருவியின் திரைக்குப் புது பேட்டரி போடுங்கள், மின்சாரம் போகும் நேரத்து அளவுதான் பின்னால் எல்லாருக்கும் தேவைப்படும். அவசரம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

தேவிபட்டினம் மொட்டைமாடி | புதன், காலை 9.50

ராத்திரி 10 மணிக்கு ஏறவே இல்லை. ஒரு மணிக்கு மின்சாரம் போனது. மூன்று மணிக்கு மேல் கொண்டல். முதுகைக் காட்டி நின்றதில் இடக்கை நேராக ஏர்வாடியைக் காட்டியது. பாம்பனுக்குத் தெற்கே வளைகுடாவில் மையம் இருப்பதாகக் காலைச் செய்திக்குறிப்பும் சொல்கிறது. இன்னும் ஆழ்ந்த தாழ்வு மண்டலம்தான், புயலாகவில்லை.

தண்ணீர் ஐஸ் ஆலைச் சுவருக்குக் கொஞ்சம் முன்னால் வரை வந்து நின்றது. படகு கிடந்த பழைய இடத்தில் முழங்கால் ஆழம். மாமா காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து, டிராக்டர் வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசிச் சந்தேகம். கருவி மழை 41 மி.மீ. என்கிறது. இரவெல்லாம் கொட்டியது, நம்ப முடியவில்லை. மாடியில் இருந்த பெயிண்ட் வாளியில் பாதிக்கு மேல் தண்ணீர்.

உச்சிப்புளி மழைமானி | புதன், காலை 10.15

எனக்கு 104 மி.மீ. உங்களுடையதில் உள்ளே ஆடும் சின்னக் கரண்டி ஒட்டிக்கொண்டிருக்கும். புனலைக் கழற்றிப் பாருங்கள். கடலோரத்தில் உப்புப் பொரிந்து அச்சு இறுகிவிடும், இல்லாவிட்டால் எறும்பு கூடு கட்டியிருக்கும். பலத்த காற்றில் மழை சாய்ந்து விழுவதாலும் கொஞ்சம் குறையும், ஆனால் பாதிக்குமேல் குறையாது.

வாளியைக் கொட்டிவிடாதீர்கள். அடி குறுகி வாய் அகன்ற வாளியில் ஸ்கேல் வைத்து அளந்தால் தவறாக வரும். தண்ணீரை லிட்டர் கணக்கில் அளங்கள், வாயின் விட்டத்தையும் அளங்கள்.

தேவிபட்டினம் மொட்டைமாடி | புதன், காலை 10.50

6 லிட்டர். வாய் 28 செ.மீ. கரண்டியில் எறும்பேதான், முட்டையோடு.

உச்சிப்புளி மழைமானி | புதன், காலை 11.05

28 செ.மீ. வாய் என்றால் பரப்பு சுமார் 616 சதுர செ.மீ. 6000ஐ 616ஆல் வகுத்தால் 9.7. அதாவது 97 மி.மீ. நம் இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகிறது. வாளி எப்போதிலிருந்து மாடியில் இருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். நாளையிலிருந்து காலை 8.30க்கு அளந்தால் வானிலைத் துறைக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம். கரண்டியை நல்ல தண்ணீரில் கழுவினால் போதும், எண்ணெய் போடாதீர்கள், தூசி ஒட்டும்.

தொண்டி வல்லம் | புதன், காலை 11.30

இங்கே இன்னும் கொண்டல் விடவில்லை. படகை இன்றைக்கே இறக்க மாமா கிளம்பினால் பிடித்து வையுங்கள்.