நாமுல்: தாளிப்பு இல்லாத கொரியத் தொடுகறி – உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

தென்கொரியாவின் தேஜோன் நகரில் வசிக்கும் உறுப்பினர் எழுதியது:

நாமுலின் செய்முறையை எழுதினால் நான்கு வரிக்கு மேல் வராது. கீரையைக் கொதிநீரில் போட்டு உடனே எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, பிழிந்து, சோயா சாஸ், பூண்டு, வெங்காயத்தாள், வறுத்த எள், எள்ளெண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்தால் முடிந்தது. கடுகு வெடிக்க வேண்டியதில்லை, மிளகாய் கிள்ளிப்போட வேண்டியதில்லை. ஆனாலும் ஒரே கடையில் வாங்கிய கீரையும் ஒரே புட்டி எண்ணெயும் இரண்டு வீடுகளில் இரண்டு ருசியாக வருவதை இந்த ஊரில் பலமுறை கண்டிருக்கிறேன். கீரை எவ்வளவு தண்ணீரைத் தன்னுள் வைத்துக்கொண்டு பிசையும் பாத்திரத்துக்கு வருகிறது என்பதே அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டு உரிமையாளரான மூதாட்டியை மாடியில் குடியிருக்கும் அனைவரும் ஹல்மொனி, அதாவது பாட்டி, என்றே அழைப்போம். 4, 9 ஆகிய எண்களில் முடியும் தேதிகளில் கூடும் யூசொங் சந்தைக்குக் குளிர்காலத்தில் அவர் என்னையும் அழைத்துச் செல்வதுண்டு. அந்தப் பருவத்தில் போஹாங், நம்ஹே, பிகும் தீவு போன்ற கடலோரப் பகுதிகளிலிருந்து வரும் சிகும்ச்சி, அதாவது ஸ்பினாச் கீரை, குளிர்காற்றுக்கு ஒடுங்கித் தரையோடு தரையாகப் படர்ந்து வளர்வதால், இலை தடித்தும் வேர்ப்பகுதி இளஞ்சிவப்பாகவும் இருக்கும். குளிரைத் தாங்குவதற்காகச் செடி சர்க்கரையைச் சேர்த்துவைத்துக்கொள்வதால் அதன் இனிப்பு நாவில் தனியாகத் தெரியும். நம்மவர்கள் முதலில் வெட்டி எறியும் அந்தச் சிவந்த அடிப்பகுதியைத்தான் ஹல்மொனி மிகவும் கவனமாகக் காப்பாற்றுவார். கத்தி முனையால் மண்ணைச் சுரண்டி, வேர்ப்பக்கம் குறுக்காக இரண்டு கீறல் போட்டு, செடியை நான்காகப் பிளந்து, காம்புகளின் இடுக்கில் மணல் தங்காதபடி மூன்று நீரில் அலசுவார்.

பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கரண்டி உப்பைப் போட்டு, கீரையை இலைப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு முதலில் வேர்ப்பக்கத்தை மட்டும் நீரில் இறக்கி, சில நொடிகள் கழித்தே முழுவதையும் விடுவார். மூடி போடுவதில்லை. ஒருமுறை புரட்டிவிட்டு, அரை நிமிடத்துக்குள் வடித்தெடுத்துக் குளிர்ந்த நீரில் இருமுறை அலசிவிடுவார். அதன் பிறகு வரும் பிழிதலைத்தான் நான் அருகில் நின்று கவனித்துப் பழகினேன். வேர்களை ஒரே பக்கமாக அடுக்கி, இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்து, முறுக்காமல் அழுத்த வேண்டும். நீர் தாரையாக விழுவது நின்று சொட்டாக மாறும்போது கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் பிழிந்தால் கீரை சக்கையாகிவிடும். அதற்கு முன்பே நிறுத்தினால் சிறிது நேரத்தில் உப்பும் எண்ணெயும் நீரோடு சேர்ந்து பாத்திரத்தின் அடியில் தேங்கிவிடும். பிழிந்த உருண்டையை அப்படியே வைத்து மசாலை சேர்க்காமல், விரல்களால் இழை இழையாக உதிர்த்துக்கொள்வதையும் அவர் ஒருநாளும் தவிர்த்ததில்லை.

அளவு கேட்கும் நண்பர்களுக்காக: 300 கிராம் கீரைக்குச் சூப்புக்கான சோயா சாஸ் இரண்டு தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு பல், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் ஒரு மேசைக்கரண்டி, கையால் நுணுக்கிய வறுத்த எள் இரண்டு தேக்கரண்டி, எள்ளெண்ணெய் இரண்டு தேக்கரண்டி. இந்தச் சோயா சாஸைக் குக்கான்ஜாங் என்பார்கள். நிறம் குறைவு, உப்பு அதிகம், ஆகவே கீரையின் பச்சை நிறம் கெடுவதில்லை. சாஸை முதலில் பிசைந்துவிட்டு எண்ணெயைக் கடைசியில்தான் விட வேண்டும், ஏனெனில் எண்ணெய் இலையில் முதலில் படிந்துவிட்டால் உப்பு உள்ளே இறங்குவதில்லை.

எண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எள்ளெண்ணெய் என்றதும் ஊரிலிருந்து கொண்டுவந்த நல்லெண்ணெயை எடுத்துவிடாதீர்கள். நம் செக்கில் ஆட்டுவது வறுக்காத எள். கொரியர்கள் எள்ளை நன்றாகச் சிவக்க வறுத்து, அதன் பிறகே பிழிகிறார்கள். சந்தையிலுள்ள சிறிய ஆலைகளில் கண்ணெதிரே வறுத்துப் பிழிந்து, பழைய பச்சை நிறச் சோஜு மதுப் புட்டிகளைக் கழுவி அவற்றில் நிரப்பித் தருவார்கள். புட்டி சூடாகவே கைக்கு வரும், அந்தத் தெரு முழுக்க எள் வறுபடும் வாசனை நிற்கும். நல்லெண்ணெய் மட்டுமே கைவசம் இருந்தால், எள்ளைப் பொன்னிறத்துக்கும் ஒரு படி கூடுதலாக வறுத்து, இருமடங்கு அளவு எடுத்து நுணுக்கிச் சேர்ப்பது ஓரளவு ஈடுகட்டும்.

சோல் நகரிலிருந்து ஓர் உறுப்பினரின் மறுமொழி:

தேஜோன் நண்பர் எழுதியது பச்சைக் கீரைக்கு முற்றிலும் பொருந்தும், ஆனால் எல்லா நாமுலும் அடுப்பில் எண்ணெய் காணாதவை அல்ல. உலர்ந்த கோசாரி என்னும் பெரணித் தண்டை இரவு முழுவதும் ஊறவைத்து, வேகவைத்து, மீண்டும் நீரில் போட்டுவைத்த பிறகு வாணலியில் எண்ணெய் விட்டு வதக்கியே செய்கிறார்கள். பச்சையாக அதில் நச்சுத்தன்மை இருப்பதால் இந்தப் படிகளில் எதையும் சுருக்கிக்கொள்ளக் கூடாது. சந்திர நாட்காட்டியின் முதல் பௌர்ணமியான தேபோரும் நாளில் முந்தைய ஆண்டு உலர்த்திவைத்த காய்களையும் கீரைகளையும் இவ்வாறு சமைத்து ஐந்து தானியச் சோற்றோடு உண்பது இங்குள்ள வழக்கம்.

நான் மரக்கறி மட்டுமே உண்பவன். ஆகவே இந்த நாட்டில் நாமுல்தான் என்னைக் காப்பாற்றியது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் முடியாது. சில உணவகங்களில் சோயா சாஸுக்குப் பதிலாக மீன் சாற்றைச் சேர்ப்பார்கள், சிலர் வதக்கும்போது நெத்திலி வேகவைத்த நீரைத் தெளிப்பார்கள். பார்வைக்கு எதுவும் தெரியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒருமுறை பணித்தோழர் ஒருவர் தம் வீட்டுச் சுசோக் என்னும் அறுவடைப் பண்டிகைக்கு அழைத்திருந்தார். முன்னோருக்குப் படைத்த மேசையில் தோராஜிக் கிழங்கின் வெள்ளை, கோசாரியின் பழுப்பு, சிகும்ச்சியின் பச்சை என்று மூன்று நிற நாமுல் வரிசையாக இருந்தன. படையலுக்கானவை என்பதால் பூண்டும் மிளகாயும் சேர்க்கவில்லை என்று அவருடைய தாயார் விளக்கினார். பூண்டு நீங்கியதும் கீரையின் ருசி வெளிப்படையாகத் தெரிந்ததால், அன்று முதல் நானும் பூண்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

புத்தக் கோயில்களின் சமையலில் பூண்டு, வெங்காயத்தாள் உள்ளிட்ட ஐந்து காரமண உணவுகளை எப்போதுமே விலக்கிவிடுகிறார்கள். அங்கே துளசிக் குடும்பத்துச் செடியான பெரில்லாவின் எண்ணெயும் அதன் விதைப் பொடியும் பூண்டின் இடத்தை நிரப்புகின்றன. அந்த ஐந்தில் ஒன்று பெருங்காயம் என்று அறிந்தபோது வியப்பாக இருந்தது. கொரியாவில் அது விளைவதும் இல்லை, சமையலில் புழங்குவதும் இல்லை. பழைய பௌத்த நூல்களின் வழியே பட்டியலில் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

உல்சானிலிருந்து:

சோயா முளையில் செய்யும் கோங்நாமுலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. இங்கே விலை மலிவானதும் அன்றாடம் மேசைக்கு வருவதும் அதுதான். எங்கள் தொழிற்சாலை உணவுக்கூடத்தில் சமைக்கும் அம்மையார் ஒருவர் எனக்குச் சொன்ன ஒரே விதி, மூடியைப் பற்றியது. முளையை மூடி வேகவைத்தால் கடைசிவரை திறக்காதே, திறந்து வேகவைத்தால் கடைசிவரை மூடாதே, இடையில் திறந்தால் பச்சை நாற்றம் அடிக்கும் என்பார். சோயாவிலுள்ள நொதி முழுவதும் வெந்து அடங்குவதற்கு முன் மூடியைத் திறந்து சூட்டைக் குறைத்தால் அந்த வாடை தங்கிவிடும் என்று விளக்குவார்கள். நான் திறந்தே வேகவைக்கிறேன், ஐந்தாறு நிமிடம் போதும். பிழிய வேண்டியதில்லை, வடிதட்டில் பரப்பி ஆறவிட்டாலே போதும், மொறுமொறுப்பும் கெடாது.

சென்னைக்குத் திரும்பிவிட்ட உறுப்பினரின் மறுமொழி:

ஊரில் இதைச் செய்ய விரும்புபவர்கள் பாலக்கீரையைத் தேடி அலைய வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன். இங்கே அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் சிகும்ச்சி அல்ல, பீட்ரூட் இனத்துக் கீரை. அதில் நாமுல் செய்யலாம், ஆனால் நீர் அதிகம் கோத்துக்கொள்வதால் பிழிவதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். குவாங்ஜுவில் நான் இருந்தபோது கோடையில் சந்தைக்கு வரும் பிரும் என்னும் கீரையைக் கையில் எடுத்துப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. இலையின் நரம்பும் காம்பின் நிறமும் அப்படியே நம் தண்டுக்கீரைதான், இரண்டும் ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை. கீரை விற்ற மூதாட்டியிடம் எங்கள் ஊரிலும் இது உண்டு என்று தட்டுத்தடுமாறிச் சொன்னபோது, அவர் நம்பாமல் சிரித்துவிட்டு, பிசையும் விதத்தை எனக்குச் சைகையால் காட்டினார்.

பிருமுக்கு சோயா சாஸைவிடத் துவென்ஜாங் என்னும் சோயா விழுதோ கோச்சுஜாங் என்னும் மிளகாய் விழுதோ பொருத்தமாக இருக்கும். இளந்தண்டுக்கீரையைக் காம்போடு கொதிநீரில் ஒரு நிமிடம் விட்டு, அலசிப் பிழிந்து, விரல்நீளத்துக்கு வெட்டி, 200 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி விழுதும் மேலே சொன்ன பூண்டும் எள்ளும் எண்ணெயும் சேர்த்துப் பிசைகிறேன். கொரியர்கள் அதிகம் வசிக்கும் திருப்பெரும்புதூர் பக்கத்து மளிகைக் கடைகளில் இந்த விழுதுகள் கிடைக்கின்றன. காம்பு விரலால் ஒடித்தால் ஒடியாமல் நார் தொங்கினால் அந்தக் கட்டை நாமுலுக்கு எடுக்காமல் கூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செய்ததை அன்றே உண்டுவிடுவது நல்லது. குளிர்பெட்டியில் வைத்தாலும் இரண்டாம் நாளில் நீர் விட்டுவிடும், அப்போது வடித்துவிட்டுச் சூடான சோற்றில் கோச்சுஜாங்கோடு கலந்து பிபிம்பாப்பாக உண்ணலாம்.