சனிக்கிழமை ராத்திரி குடும்பத்தோட பார்க்க, சிரிப்பும் காதலுமா எந்தப் படம்?

ஜெலுத்தோங்காரன்: மழை விடுற மாதிரி இல்ல. அம்மா, ரெண்டு தங்கச்சிங்க, எல்லாருக்கும் பிடிக்கணும். அழுகை வேண்டாம்.

சுங்கைப்பட்டாணி: கண்ண மூடிக்கிட்டு 'காதலிக்க நேரமில்லை' (1964) போடுங்க. பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்ற இடம் ஒண்ணே போதும். சத்தமெல்லாம் நாகேஷ் வாயாலயே போடுவாரு, பாலையா முகம் வெளிறிக்கிட்டே போகும். அதனால டிவில வசனம் தெளிவா கேக்குற ஆடியோ மோடு வைங்க. ரெண்டு ஓரத்துலயும் கறுப்புப் பட்டை வந்தா விட்டுடுங்க, இழுத்து நிரப்புனா ஆளெல்லாம் குட்டையாத் தெரிவாங்க.

பிரிக்பீல்ட்ஸ்வாசி: தங்கச்சிங்களுக்கு 'ஓ மை கடவுளே' (2020). விவாகரத்துக் கோர்ட்டுல ஆரம்பிக்கும், பயந்து மாத்திடாதீங்க. கடவுளா விஜய் சேதுபதி வந்த பிறகுதான் கதையே சூடு பிடிக்குது.

ஜெலுத்தோங்காரன்: 'திருச்சிற்றம்பலம்' எப்படிண்ணே?

சுங்கைப்பட்டாணி: நித்யா மேனன், தனுஷ் கலாட்டா அருமைதான் லா. ஆனா அப்பா-மகன் பகை, அதுக்குக் காரணமான விபத்து, அம்மா சாவுன்னு பாரம் இருக்கு. அழுகை வேண்டாம்னா இன்னொரு நாள் பார்த்துக்கலாம். பழைய படம் நீளம், எட்டு மணிக்கே போட்டுடுங்க, சாப்பாட்ட முன்னாடியே தாப்பாவ் (பார்சல்) பண்ணிடுங்க.