புதுப்பிப்பு: இட்லிக்குப் பிறகு சர்க்கரை 220 – எது குறைத்தது?

காலை இட்லி சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் 220 காட்டுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி. இப்போது 150-க்குள் நிற்கிறது, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.1-லிருந்து 6.7.

கைகொடுத்தது, சாப்பிட்ட கையோடு 15 நிமிடம் நடக்கச் சொன்ன யோசனைதான். வேலை செய்யும் தசை ரத்தத்திலுள்ள குளுக்கோஸை நேராக இழுத்துக்கொள்ளும். விடிகாலை நடை இந்த ஏற்றத்தை அவ்வளவாகத் தொடவில்லை. கூடவே, நாலு இட்லி இரண்டானது. அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் சுண்டல்.

எதிர்பாராதது கேழ்வரகுக் கஞ்சி. இட்லியைவிட அதிகம் ஏற்றியது! நைசாக அரைத்துக் குழைய வெந்த மாவு சட்டென்று செரித்துவிடும். அதே மாவில் முருங்கைக்கீரை போட்டு ஒரே ஒரு அடை என்றால் பரவாயில்லை.

மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை) தொடர்கிறது. கிளிமெபிரைடு (இன்சுலினை அதிகம் சுரக்கவைக்கும் மாத்திரை) எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், லோ சுகர் ஆகிவிடும்.