ஓ.டி. ஷீட்டில் எழுதிய நேரம் காணாமல் போகிறது, ஒரே ஃபைல் மூன்றாகிறது. உதவி தேவை

காக்கி புக்கிட் கணக்கர் | 4 ஜூலை, இரவு 9.40

வணக்கம். சிங்கப்பூரில் ஒரு சிறிய பராமரிப்பு நிறுவனத்தில் கணக்கு, சம்பளம் இரண்டையும் நான்தான் பார்க்கிறேன். 38 ஊழியர்கள், மூன்று சைட். துவாஸ், செனோக்கோ, சாங்கி. ஒவ்வொரு சைட்டிலும் சூப்பர்வைசரிடம் ஒரு லேப்டாப் இருக்கிறது. எல்லோரும் ஒன்டிரைவில் (மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடம்) உள்ள ஒரே எக்செல் ஃபைலில்தான் ஊழியர்களின் ஓ.டி. (ஓவர்டைம்) நேரத்தை எழுதுகிறோம்.

மாதக் கடைசியில் ஃபோல்டரைத் திறந்தால் ஒரு ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருக்கின்றன. ஒன்று வழக்கமான பெயரில். மற்றவற்றில் பெயரின் வாலில் கம்ப்யூட்டர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், 'ஓ.டி. ஜூன்-துவாஸ்லேப்டாப்' என்பதுபோல. தெரியாமல் வந்த நகல் என்று நினைத்து, மார்ச் 31 முதல் ஒவ்வொரு மாதமும் அவற்றை நானே அழித்துக்கொண்டு வந்தேன்.

நேற்று துவாஸ் சைட்டிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். ஜூன் 14, 15 இரண்டு நாளும் இரவு பதினொன்றரை வரை வேலை பார்த்திருக்கிறார். மொத்தம் 9 மணி நேர ஓ.டி. என் ஷீட்டில் அந்தக் கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. சூப்பர்வைசரோ தான் எழுதியதாக அடித்துச் சொல்கிறார், எழுதியபோது எடுத்த படத்தையும் அனுப்பினார். அந்தத் தம்பியின் அடிப்படைச் சம்பளம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 12 மாதச் சம்பளத்தை 52 வாரம், 44 மணி நேரத்தால் வகுத்து ஒன்றரை மடங்கு போட்டால் மணிக்கு 7.87 வெள்ளி. அவருக்கு ஏறக்குறைய 70 வெள்ளி குறைகிறது. ஊருக்குப் பணம் அனுப்புகிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை. முந்தைய மாதங்களில் யார் யாருக்கு எவ்வளவு விட்டுப்போனதோ என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஜூன் சம்பளம் 7ஆம் தேதிக்குள், ஓ.டி. 14ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் தம்பி | 4 ஜூலை, இரவு 10.05

சைட்டில் லைன் சரியில்லாமல் இருக்கும் அக்கா. துவாஸ் கடைசியில் எனக்கும் அப்படித்தான். ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி நீங்களே சேர்த்துவிடுங்கள்.

தெம்பனிஸ் சப்போர்ட் | 4 ஜூலை, இரவு 10.31

வாட்ஸ்அப் வேண்டாம் தம்பி. இப்போது மூன்று நகல், அப்படிச் செய்தால் முப்பது ஆகும்.

அக்கா, முதலில் ஒரு வேண்டுகோள்: இனி எதையும் அழிக்காதீர்கள். அந்த 'வால்' ஃபைல்களில்தான் காணாமல் போன நேரம் இருக்கிறது. இரண்டு பேர் தத்தம் கம்ப்யூட்டரில் ஒரே ஃபைலை மாற்றி, இரண்டையும் ஒன்டிரைவால் ஒன்றாகச் சேர்க்க முடியாதபோது, எதுவும் அழிந்துவிடக்கூடாது என்று ஒன்றை இயந்திரத்தின் பெயரோடு தனியாக வைத்துவிடும். அது வேறொருவர் எழுதிய உண்மையான பதிவு.

சாதாரணமாக எக்செலில் நாலு பேர் ஒரே நேரத்தில் எழுதலாம், ஒருவர் எழுதுவது மற்றவருக்கு உடனே தெரியும். உங்களுக்கு ஏன் நடக்கவில்லை என்று கண்டுபிடிக்க மூன்று விஷயம் தெரிய வேண்டும். எக்செல் மேல் மூலையில் 'ஆட்டோசேவ்' (தானாகச் சேமிக்கும்) பொத்தான் எப்படி இருக்கிறது? ஃபைல் பெயர் எக்ஸ்எல்எஸ் என்று முடிகிறதா, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றா? இந்தத் தொல்லை எந்த மாதம் தொடங்கியது, அதற்குச் சற்று முன் என்ன மாற்றினீர்கள்?

காக்கி புக்கிட் கணக்கர் | 5 ஜூலை, காலை 8.15

ஆட்டோசேவ் அணைந்திருக்கிறது, அழுத்தினாலும் ஆன் ஆகவில்லை. பெயர் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றுதான் முடிகிறது. தொடங்கியது மார்ச்சில். அந்த மாதம் ஒரு சைட் லேப்டாப் இரண்டு நாள் எங்கே என்று தெரியாமல் போய், பிறகு கிடைத்தது. ஃபைலில் ஊழியர்களின் ஃபின் எண் (வெளிநாட்டவர் அடையாள எண்), அடிப்படைச் சம்பளம் எல்லாம் இருப்பதால் முதலாளி பயந்து, ஃபைலுக்கு பாஸ்வேர்ட் போடச் சொன்னார். போட்டது நான்தான்.

தெம்பனிஸ் சப்போர்ட் | 5 ஜூலை, காலை 8.52

அந்த பாஸ்வேர்ட்தான் அக்கா.

திறக்கவே பாஸ்வேர்ட் கேட்கும்படி பூட்டிய எக்செல் ஃபைலில் ஆட்டோசேவ் வேலை செய்யாது, பலர் சேர்ந்து எழுதவும் முடியாது. மார்ச்சிலிருந்து ஒவ்வொருவரும் தன் லேப்டாப்பில் உள்ள நகலைத் திறந்து, எழுதி, மூடியிருக்கிறார்கள். முதலில் மேலே போனவருடையது அசல் ஆனது. அடுத்தவருடையதற்கு வால் முளைத்தது.

திருத்தும் வரிசை முக்கியம். மூன்று சூப்பர்வைசர்களும் ஃபைலை மூடட்டும். ஒன்டிரைவ் மேகக் குறியில் மேலேற்றுவது முடிந்ததா என்று ஒவ்வொருவரும் பார்க்கட்டும். அப்புறம் நீங்கள் அசலை மட்டும் திறந்து, 'ஃபைல்', 'இன்ஃபோ', 'புரொடெக்ட் வொர்க்புக்' போய் பாஸ்வேர்ட் கட்டத்தைக் காலியாக்கி சேமியுங்கள். (சம்பள விவரத்தைப் பிரிக்காமல் இதைச் செய்யாதீர்கள், கீழே யாராவது அதைச் சொல்வார்கள்.) பிறகு துவாஸ் சூப்பர்வைசரோடு போனில் இருந்துகொண்டே இருவரும் பிரவுசரில் திறந்து பாருங்கள். அவர் நிற்கும் கட்டத்தைச் சுற்றி உங்கள் திரையில் வேறு நிறத்தில் கோடு தெரிந்தால் சரி.

இன்னொன்று. ஒன்டிரைவ் செட்டிங்ஸில் 'ஃபைல் கொலாபரேஷன்' என்று ஒரு சுவிட்ச் உண்டு. அது அணைந்திருந்தாலும் இதே மாதிரி நகல்கள் வரும். நான்கு இயந்திரத்திலும் பாருங்கள்.

அழித்த ஃபைல்களுக்கு: அலுவலகக் கணக்கு என்றால் ஒன்டிரைவின் குப்பைத்தொட்டியில் 93 நாள் இருக்கும். பிரவுசரில் உள்நுழைந்து இடப்பக்கம் 'ரீசைக்கிள் பின்' பாருங்கள்.

காக்கி புக்கிட் கணக்கர் | 5 ஜூலை, மதியம் 12.20

ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாத நகல்களும் கிடைத்துவிட்டன. ஜூன் 14ஆம் தேதி வரிசையில் அந்தத் தம்பியின் பெயருக்கு நேரே '11.30' என்று பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

மார்ச் மட்டும் இல்லை. மார்ச் 31ஆம் தேதி அழித்தது. எண்ணிப் பார்த்தேன், ஜூலை 2ஆம் தேதியோடு 93 நாள் முடிந்திருக்கிறது. மூன்று நாள் முன்னால் கேட்டிருந்தால்!

ஈசூன் ஸ்டோர்கீப்பர் | 5 ஜூலை, மதியம் 1.02

விடாதீர்கள். ஃபைல்களை உங்கள் கம்ப்யூட்டரின் ஃபோல்டரிலிருந்துதானே அழித்தீர்கள்? அப்படியானால் விண்டோஸ் குப்பைத்தொட்டியையும் பாருங்கள், டெஸ்க்டாப்பில் இருக்குமே, அது. ஒரு தடவையாவது திறந்து பார்த்த ஃபைல் என்றால் உங்கள் இயந்திரத்தில் இறங்கியிருக்கும், அழித்தபோது அந்தத் தொட்டிக்கும் போயிருக்கும். திறக்காமலே அழித்தது, வெறும் நீல மேகக் குறியோடு இருந்தது என்றால் அங்கே இருக்காது.

தேக்கா மனிதவளம் | 5 ஜூலை, மாலை 6.44

தெம்பனிஸ்காரர் விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். ஒரு தளவாட நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன்.

உங்கள் முதலாளி பயந்ததில் நியாயம் இருக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அந்த விவரங்களைக் காப்பது நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நேரம் எழுத வேண்டிய மூன்று சூப்பர்வைசர்களுக்கும் பாஸ்வேர்ட் தெரியும். பாஸ்வேர்ட் தெரிந்தால் 38 பேரின் சம்பளமும் ஃபின் எண்ணும் தெரியும். நான் போன ஒரு சைட்டில், லேப்டாப் திரையின் கீழ் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதில் பாஸ்வேர்டை மார்க்கரால் எழுதி வைத்திருந்தார்கள். அந்த லேப்டாப் தொலைந்தால் பூட்டும் சாவியும் சேர்ந்தே போகும்.

அதனால் ஃபைலை இரண்டாகப் பிரியுங்கள். நேரம் எழுதும் ஷீட்டில் கம்பெனி எண், பெயர், தேதி, வந்த நேரம், போன நேரம். அவ்வளவு போதும். ஓ.டி. எழுத ஃபின் எண் எதற்கு? சம்பளமும் ஃபின் எண்ணும் வேறொரு ஃபைலில், நீங்களும் முதலாளியும் மட்டும் திறக்கக்கூடிய ஃபோல்டரில் இருக்கட்டும். இதை ஒரு புதிய ஃபைலில் தொடங்குங்கள். பழையதில் அந்தப் பத்திகளை மட்டும் அழித்தால், வெர்ஷன் ஹிஸ்டரியில் (பழைய பதிப்புகளின் பட்டியல்) முந்தைய பதிப்பைத் திறந்து யாரும் பார்க்கலாம். பகிரும்போது 'இணைப்பு உள்ள எவரும்' என்பதைத் தொடவே வேண்டாம், குறிப்பிட்ட நபர்கள் என்று மூவரின் அலுவலக மின்னஞ்சலை மட்டும் போடுங்கள். ஒரு சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனால் அவர் பெயரை எடுத்துவிட்டால் போதும், எல்லோருக்கும் புது பாஸ்வேர்ட் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

விட்டுப்போன தொகையைக் கொடுக்கும்போது எந்த மாதம், எத்தனை மணி நேரம் என்று சம்பளச் சீட்டில் தனியாகக் காட்டுங்கள். வேலையில் இருப்பவர்களின் கடைசி இரண்டு வருடப் பதிவுகளை எப்படியும் வைத்திருக்கத்தான் வேண்டும், அதனால் இந்த வால் ஃபைல்களையும் பத்திரப்படுத்துங்கள்.

உட்லண்ட்ஸ் தம்பி | 5 ஜூலை, இரவு 7.30

எங்கள் கடையிலும் பாஸ்வேர்ட் போட்ட ஃபைல்தான். இன்றே பார்க்கிறேன். அக்கா, இரண்டு ஷீட்டையும் கண்ணால் ஒப்பிடாதீர்கள், தப்பு வரும். ஒரே புத்தகத்தில் இரண்டையும் வைத்து, மூன்றாவது ஷீட்டில் இரண்டு கட்டமும் சமமா என்று பார்க்கும் ஃபார்முலாவைப் போட்டு இழுத்துவிடுங்கள். வித்தியாசமான இடம் மட்டும் 'ஃபால்ஸ்' என்று வரும்.

காக்கி புக்கிட் கணக்கர் | 9 ஜூலை, இரவு 10.10

எல்லோருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்.

ஈசூன் அண்ணன் சொன்னபடி விண்டோஸ் தொட்டியில் மார்ச் நகல் ஒன்று இருந்தது, செனோக்கோவுடையது. துவாஸ், சாங்கி நகல்கள் இல்லை. சனிக்கிழமை இரண்டு சைட்டுக்கும் போய், சூப்பர்வைசர்கள் கையால் எழுதும் லாக் புக்கை எடுத்துப் பார்த்தேன். துவாஸ் புத்தகத்தில் மார்ச் பக்கங்கள் கிரீஸ் பட்டு ஒட்டிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்க வேண்டியிருந்தது. ஆனால் எல்லா நேரமும் இருந்தது, ஊழியர்களின் கையெழுத்தோடு.

நான்கு மாதத்துக்கும் சேர்த்து 11 பேருக்கு ஓ.டி. குறைந்திருக்கிறது. முதலாளியிடம் பட்டியலைக் காட்டினேன். உடனே ஒப்புக்கொண்டார். ஜூன் ஓ.டி.யோடு சேர்த்து 12ஆம் தேதி கொடுக்கிறோம், மாதவாரியாகச் சீட்டில் போட்டு.

நேரம் எழுதப் புது ஃபைல் தொடங்கிவிட்டேன், பாஸ்வேர்ட் இல்லை. பழையது நானும் முதலாளியும் மட்டும் பார்க்கும் ஃபோல்டருக்குப் போய்விட்டது. சாங்கி லேப்டாப்பில் அந்த 'ஃபைல் கொலாபரேஷன்' சுவிட்சும் அணைந்திருந்தது, ஆன் செய்தாயிற்று. மூன்று நாளாக ஒரு வால் ஃபைலும் வரவில்லை. ஒரு சின்னக் கேள்வி மட்டும் மீதம்: துவாஸ்காரர் தன் ஆட்களை மட்டும் ஃபில்டர் செய்தால் என் திரையிலும் மற்றவர்கள் மறைந்துவிடுகிறார்கள்.

தெம்பனிஸ் சப்போர்ட் | 9 ஜூலை, இரவு 10.26

'வியூ' மெனுவில் 'ஷீட் வியூ', 'நியூ'. அதற்குள் ஃபில்டர் செய்தால் அவர் திரையில் மட்டும்தான் மாறும். அந்த 11 பேருக்கும் பணம் போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள் அக்கா.

காக்கி புக்கிட் கணக்கர் | 12 ஜூலை, மாலை 5.48

போய்ச் சேர்ந்துவிட்டது. துவாஸ் தம்பி சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், '14, 15 ஜூன்' என்ற வரியில் விரலை வைத்து.