புதுப்பிப்பு: என் பெயரில் இருந்த போலிக் கணக்கு போய்விட்டது

என் படத்தையும் பெயரையும் வைத்து யாரோ கணக்கு தொடங்கி, நண்பர்களிடம் அவசரம் என்று பணம் கேட்பதாகப் போன வாரம் எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் நான் தேடியபோது அந்தக் கணக்கே வரவில்லை. நீக்கிவிட்டார்கள் போல என்று நிம்மதியாக இருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது என்னை பிளாக் செய்திருக்கிறது! "நண்பரின் போனிலிருந்து புகார் கொடுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. வேறொருவரைப் போல நடிக்கிறது என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து, என் உண்மையான கணக்கையும் காட்டினோம். இரண்டே நாளில் போய்விட்டது. அதற்கு முன் பத்துப் பேர் ஸ்பேம் என்று கொடுத்த புகாருக்கு ஒன்றும் நடக்கவில்லை.

பாஸ்வேர்டையும் மாற்றினேன். ஆனால் என் கணக்குக்குள் யாரும் நுழையவில்லை, இது வெறும் நகல். எல்லோருக்கும் தெரியும்படி கிடந்த நண்பர் பட்டியலிலிருந்துதான் ஆள் பிடித்திருக்கிறார்கள். அதை 'நான் மட்டும்' என்று மாற்றியாயிற்று.

என்னை உலுக்கியது வேறு. தங்கையிடம் பணம் கேட்டவன் அவளை வீட்டுச் செல்லப்பெயரால் கூப்பிட்டிருக்கிறான். அவளும் நம்பிவிட்டாள், நல்லவேளையாக எனக்கு போன் செய்தாள். அந்தப் பெயர் எங்கே கிடைத்தது என்று தேடினால், பழைய பிறந்தநாள் படத்தின் கீழே நானே எழுதி வைத்திருக்கிறேன்.