ஆற்றோரத்தில் காய்கறி போட்ட நிலத்துக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, என்ன செய்யலாம்?

பயிற்றங்காய்_அக்கா
வணக்கம். நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம். அப்பா பால்மரம் (ரப்பர்) சீவிய காலத்திலேயே லயனுக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு) பின்னால், ஆற்றுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் கிடந்த இடத்தைத் திருத்தி மரவள்ளி, வெண்டை, கத்தரி என்று போட ஆரம்பித்தார். பால்மரம் போய் செம்பனை வந்து, தோட்டமும் கைமாறி, நாங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இடத்தை விடவில்லை. இப்போது அண்ணனும் நானும் பயிற்றங்காய், கங்கோங் கீரை போட்டு பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிறோம். இன்னும் சில குடும்பங்களும் அங்கேதான். போன வாரம் வேலிக் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் காலி செய்யணுமாம். ஓர் ஆள் வந்து, சகு ஹாத்திப் பணம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். இத்தனை வருஷம் பாடுபட்டதற்கு ஒரு உரிமையும் வராதா? கிராண்ட் (நிலப் பட்டா) கேட்கலாம் என்கிறார் ஒருவர், டி.ஓ.எல். (தற்காலிகக் குடியிருப்பு உரிமம்) போதும் என்கிறார் இன்னொருவர்.

ஓய்வுபெற்ற_கிராணி
தங்கச்சி, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வருஷக் கணக்குக்கு இந்த நாட்டில் மதிப்பு இல்லை. 1965 தேசிய நிலச் சட்டம் 48ஆம் பிரிவின்படி, அரசாங்க நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும் அது உங்கள் நிலம் ஆகாது. தனியார் நிலம் என்றால் 341ஆம் பிரிவு, அதுவும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. இதே பேராக்கில் காட்டைத் திருத்திப் பயிர் வைத்த 400க்கும் மேற்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள், சிடேக் வழக்கு என்பார்கள், 1982இல் கூட்டரசு நீதிமன்றம் அவர்களுக்கு உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. வழக்குக்குப் பெயர் தந்த சிடேக் மலாய்க்காரர், அதையும் சொல்லி வைக்கிறேன், நமக்கு மட்டும்தான் இப்படி என்று யாராவது இங்கே ஆரம்பிப்பதற்குள்.

அதனால் அது யார் நிலம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நோட்டீஸில் லாட் நம்பர் இருந்தால் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி 'சாரியான்' (நிலப் பதிவு விவரம்) எடுக்கலாம். அதுவரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். சகு ஹாத்தி என்பது அவர்களாக மனமிரங்கிக் கொடுக்கும் காசு. அதை வாங்கும்போது நீங்களாகவே போவதாக எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு பேச ஒன்றும் இருக்காது.

செம்மண்
கிராணி ஐயா சொல்வது சட்டம், சரி. ஆனால் வயிற்றெரிச்சல் இருக்கிறதே! வெள்ளைக்காரன் காலத்து 1923 தொழிலாளர் சட்டத்தில்கூட, குடும்பம் உள்ள தொழிலாளிக்குப் பயிர் வைக்க 1/16 ஏக்கர் ஒதுக்கணும் என்று இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி வராமல் போனபோது லயன் சனங்களை உயிரோடு வைத்தது இந்த மாதிரி மரவள்ளிக் கொல்லைதான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், துன் சம்பந்தன் (அவரும் நம்ம சுங்கை சிப்புட்காரர்தான்) 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து பத்து வெள்ளியாக (ரிங்கிட்) தொழிலாளிகளிடம் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். ஃபெல்டா என்ற அரசாங்க நிலக் குடியேற்றத் திட்டக்காரருக்கு 10 ஏக்கர் கணக்கில் கிடைத்தது. அதில் நம்ம ஆட்கள் எத்தனை பேர் என்று விரலை மடக்கிப் பாருங்கள்.

மார்க்கெட்_தம்பி
அண்ணே, உணர்ச்சி எல்லாம் சரி, ஆனால் நாலு பாத்தி கீரைக்கு 'உணவுப் பாதுகாப்பு' என்று பெரிய பேர் வைக்க வேண்டாம். ஆற்றோரம் மண் சரிந்தால் யார் பொறுப்பு?

செம்மண்
பேர் வைத்தது நானா? 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியதும் இங்கே என்ன நடந்தது? செப்டம்பர் 1ஆம் தேதி இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ஆனது, எல்லாரும் 26 வெள்ளி உள்ளூர் அரிசிப் பையைத் தேடி ஓடினார்கள், கடையில் கிடைக்கவில்லை. அந்த டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்கும் தடை. சாப்பிடும் அரிசியில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேலும்கூட, வெளியிலிருந்து வருகிறது. செம்பனைக்கு 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருக்கிறது, நெல்லுக்கு 10 லட்சம்கூட இல்லை. காலி இடத்தில் எல்லாரும் காய்கறி நடுங்கள் என்று சொல்வதும் அரசாங்கத்தார்தான், நட்டவர்களை எழுப்பிவிடுவதும் இவர்கள்தான். ஆற்றோரம் பற்றி நீ சொன்னது மட்டும் சரி, கரையை ஒட்டி வெட்டக்கூடாது.

பயிற்றங்காய்_அக்கா
சாரியான் எடுத்தோம். மேல் பாதி, தோட்டத்தை வாங்கிய நிறுவனத்தின் லாட்டுக்குள் வருகிறது. ஆற்றை ஒட்டிய பாதி அதில் இல்லை, அரசாங்க ஒதுக்கு நிலமாம்.

ஓய்வுபெற்ற_கிராணி
அப்படியென்றால் இரண்டையும் வேறு வேறாகப் பாருங்கள்.

மேல் பாதியில் நிலம் கிடைக்காது, அவகாசம் கேட்கலாம். காய்ப்பில் இருக்கிற பயிரை அறுவடை செய்யும்வரை விடுங்கள், பயிருக்கு நியாயமான காசு கொடுங்கள் என்று எல்லாக் குடும்பமும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுங்கள். தனித்தனியாகப் போனால் ஆளுக்கொரு தொகை சொல்லிப் பிரித்துவிடுவார்கள். ஒத்துவராவிட்டால் நிறுவனத்தார் நீதிமன்ற விதிகளின் 89ஆம் ஆணையின் கீழ் வழக்குக்குப் போவார்கள். அது சுருக்கமான வழக்கு, வேகமாக முடிந்துவிடும், அதற்கு முன்பே சட்ட உதவி மன்றத்தைப் பாருங்கள்.

கீழ்ப் பாதிக்குத்தான் டி.ஓ.எல். அதே நிலச் சட்டத்தின் 65ஆம் பிரிவில், பயன்படுத்தாமல் கிடக்கும் ஒதுக்கு நிலத்துக்கும் கொடுக்கலாம். ஆற்றொதுக்கு என்பதால் வடிகால் இலாகாவின் கருத்தைக் கேட்பார்கள், கரையிலிருந்து தள்ளிக் குறுகிய காலப் பயிர் மட்டும் என்று எழுதிக் கேளுங்கள். வேளாண்மை இலாகாவிடம் டி.கே.பி.எம். எனப்படும் நிரந்தர உணவு உற்பத்திப் பூங்காவில் இடம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள், தூரமாக இருந்தாலும் அதில் முறையான ஒப்பந்தம் உண்டு.

டி.ஓ.எல். டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். இன்னொருவருக்கு மாற்ற முடியாது, எடுத்தவர் இறந்தால் அதோடு ரத்து. அதனால் மரியாதைக்காக அப்பா பெயரில் போடாதீர்கள், உங்கள் பெயரிலோ அண்ணன் பெயரிலோ போடுங்கள்.